இருவரும் கழித்த பத்து

பஸ் டிப்போவுக்கு மேலே ஒரு கல்லூரி என்றால் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா. அங்கே படிக்கப் போனவர்களும் முதல் நாள் சிரித்தவர்கள்தான்.

கீழே பஸ்கள் வந்து நிற்கும், புறப்படும். மேலே இரண்டு மாடி. ஒரு காலத்தில் டிப்போவின் பழைய காகிதங்களையும் ஓடாத கடிகாரங்களையும் போட்டு வைத்திருந்த மாடிகள். பெரிய பல்கலைக்கழகம் ஒன்று, நகரத்துக்குள் தனக்கு ஒரு கிளை வேண்டும் என்று அவற்றை வாங்கி, சுண்ணாம்பு அடித்து, நீள நீளமாக மேசை போட்டு, கட்டடக்கலையும் வடிவமைப்பும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது. அதன் சொந்த வளாகம் ரயிலில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தது. அங்கே ஏரி உண்டு, நிழல் உண்டு, தூண் வைத்த நூலகம் உண்டு. இங்கே புகை உண்டு.

பெரிய வளாகத்துப் பிள்ளைகள் இதற்கு 'பஸ் ஸ்டாண்டு காலேஜ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்காவது போட்டி, கண்காட்சி என்று சேர்ந்துவிட்டால் போதும், "படிச்சு முடிச்சா உங்களுக்கு டிகிரி கிழிச்சுக் குடுப்பாங்களா, டிக்கெட் கிழிச்சுக் குடுப்பாங்களா?" என்று கேட்பார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் புகையில் படித்தவர்களுக்கு வந்த கை வேறு யாருக்கும் வராது. கீழே ஒரு பஸ் கிளம்பினால் மேலே மேசை நடுங்கும். டம்ளர் தண்ணீரில் வட்டம் போடும். மையில் கோடு இழுத்துக்கொண்டிருக்கிற பிள்ளையின் கோடு பாம்பாக நெளியும். முதல் மாதம் எல்லாருடைய தாளிலும் பாம்புதான். பிறகு பழகிக்கொண்டார்கள். எந்த பஸ் எத்தனை மணிக்குப் புறப்படும் என்று சுவரில் ஒரு அட்டவணை ஒட்டினார்கள். "பத்து இருபது! பதினேழாம் நம்பர்! பேனாவைத் தூக்கு!" என்று யாராவது ஒருவர் குரல் கொடுப்பார். முப்பது பேனாவும் ஒரே நேரத்தில் மேலே போகும். பஸ் வெளிவாசலைத் தாண்டும். முப்பது பேனாவும் மெல்லக் கீழே இறங்கும், விட்ட இடத்திலேயே, மயிரிழை பிசகாமல். அட்டவணையும் மூன்றாம் மாதத்துக்குப் பிறகு தேவைப்படவில்லை. உள்ளங்காலிலேயே மணி தெரிந்துவிட்டது.

அந்த முப்பது பேரில் ஒருத்திதான் நம் பெண். நல்ல உயரம். மேல் அலமாரியில் எது இருந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் ஏணி என்று பெயர் வந்தது. ஏணியும் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கெல்லாம் நான் இல்லாட்டி கை எட்டாதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்கள்ல" என்று விட்டுவிட்டாள்.

அந்தப் பதினேழாம் நம்பரை ஓட்டுகிறவர் அவளுடைய அம்மா.

டிப்போவில் நூற்றுச் சொச்சம் ஓட்டுநர்கள். அதில் பெண்கள் இரண்டே பேர். அம்மா சேர்ந்து பதினோரு வருஷம். மகள் மேலே படிக்கிறாள், தாய் கீழே ஓட்டுகிறாள். நடுவில் இருபத்தாறு படி. ஆனால் அம்மா ஒரு நாளும் படியேறி வந்ததில்லை. "நான் வந்து என்னத்தப் பார்க்க? நீ கோடு போடுறதையா? கிளட்ச்சை நான் மெதுவா விட்டா உன் கோடு நேரா இருக்கும். அதான் என்னால ஆன ஒத்தாசை" என்பார்.

டிப்போவில் ஓட்டுநர்களுக்கு ஒரு ஓய்வறை உண்டு. நீளமான அறை, ஒரு மேசை, தண்ணீர் கேன், நாலைந்து கால் ஆடும் நாற்காலி. இரண்டு டிரிப்புக்கு நடுவில் பத்து நிமிஷமோ நாற்பது நிமிஷமோ கிடைத்தால் ஆண்கள் அங்கே போய்ச் சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டு, தரையில் துண்டை விரித்துச் சாய்வார்கள். அம்மா அந்த அறைக்குள் பதினோரு வருஷத்தில் போனதே இல்லை.

"யாராச்சும் வராதேன்னு சொன்னாங்களாம்மா?" என்று ஏணி ஒரு தடவை கேட்டாள்.

"சொல்லல. வாங்கன்னும் சொல்லல."

ஆகவே ஓய்வு நேரமெல்லாம் பஸ்ஸுக்குள்ளேயே, கொதிக்கும் எஞ்சின் பக்கத்திலேயே கழியும். நாள் முழுக்க கிளட்ச்சை மிதித்த இடது கால் சாயங்காலத்துக்குள் வீங்கிப்போகும். வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு வாளியில் வெந்நீர் வைத்திருப்பார். அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர்; வாயிலும் எந்நேரமும் திருத்தம்தான். "இடது காலுக்கு மட்டும் ராஜ உபசாரம். வலது கால் என்னைக்காச்சும் கேள்வி கேக்கப் போகுது" என்பார். "அது பிரேக்குக் கால். அதுக்குப் பொறுமை ஜாஸ்தி, உங்கள மாதிரி" என்பார் அம்மா.

இரண்டாம் வருஷக் கடைசியில் அந்தக் கிளையில் ஒரு வழக்கம். தாளில் வரைவது, அட்டையில் மாதிரி செய்வது எல்லாம் போதாது. ஏதாவது ஒன்றை முழு அளவில், மனுஷர் பயன்படுத்துகிற மாதிரி செய்துகாட்ட வேண்டும். பெரிய வளாகத்திலிருந்து நடுவர்கள் வந்து பார்ப்பார்கள். அந்த வருஷம் கிளையின் ஆசிரியை, எல்லாரும் மேடம் என்று கூப்பிடுகிற அந்த அம்மாள், கீழே இருக்கிற ஓய்வறையையே கொடுத்துவிட்டார். "முப்பது பேரு, அஞ்சு குழு. அந்த ரூமுக்கு எதுவேணாலும் செய்யுங்க. ஜூரி எதைத் தேர்ந்தெடுக்குதோ அது ஒண்ணு மட்டும் அங்கேயே நிலையா இருக்கும். மத்த நாலும் அன்னிக்குச் சாயங்காலமே கழட்டியாகணும். டிப்போ மேலாளர் அப்படித்தான் சம்மதிச்சிருக்கார்."

ஒருவர் விளக்கு என்றார், ஒருவர் அலமாரி என்றார். ஏணி இருக்கை என்றாள்.

இரண்டு வாரம் அவள் அந்த அறை வாசலில் நோட்டும் கையுமாக நின்று, யார் எவ்வளவு நேரம் எப்படி உட்காருகிறார்கள் என்று எழுதினாள். பத்து நிமிஷக்காரர் சாய்வதில்லை, நுனியில் உட்காருவார். அரை மணிக்காரர் முதுகை எங்காவது முட்டுக்கொடுப்பார். அதற்கு மேல் கிடைத்தவர் படுத்துவிடுவார். ஆக, அந்த நீளச் சுவர் முழுக்க, இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இறுக்கமாகப் பொருந்துகிற மாதிரி ஒரே இருக்கை: ஒரு பக்கம் படுக்க, நடுவில் சாய, அடுத்து நிமிர்ந்து உட்கார. இதையெல்லாம் குழுவில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். வாசல் பக்கத்து மூலையில் மட்டும் அவள் இன்னொன்று வரைந்தாள். ஒருவர் உட்காருகிற இடம். பக்கத்தில், உட்கார்ந்தால் தலை மறைகிற உயரத்துக்கு, சுவரிலிருந்து ஒரு பலகை எழும்பி வளைந்து வரும். கீழே காலைத் தூக்கி வைக்க ஒரு கட்டை. அங்கே உட்கார்ந்து காலணியைக் கழற்றிக் காலை நீட்டினால் அறையில் இருக்கிற ஒருவர் கண்ணிலும் படாது.

"இது யாருக்கு?" என்றான் அவள் கூட்டாளி. வாய் மூடாமல் பேசுவதால் அவன் பெயர் ரேடியோ.

"உட்கார இடமில்லாதவங்களுக்கு."

காலைத் தூக்கி வைக்கிற கட்டையின் உயரத்தை அவள் எந்தப் புத்தகத்திலும் தேடவில்லை. ஒரு சாயங்காலம் வீட்டில், அம்மாவின் இடது காலுக்குக் கீழே ஒவ்வொரு புத்தகமாக அடுக்கிக்கொண்டே போனாள். ஐந்தாவது புத்தகத்தில் அம்மா "ஆ... அப்பாடா" என்றார். இருபத்திரண்டு சென்டிமீட்டர். "என்னடி இன்னிக்கு இவ்வளவு பாசம்?" என்று கேட்டார் அம்மா. ஏணி 22 என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.

இப்போது அந்த டேப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கதையே அதில்தான் இருக்கிறது.

கிளையில் இருந்தது ஒரே ஒரு நல்ல இரும்பு டேப். ஒரு நாள் முற்றத்தில் அளந்துகொண்டிருந்தபோது அதன் நுனியில் பஸ் ஏறிவிட்டது. நசுங்கிப்போன நுனியைப் பட்டறைக்காரர், மரவேலை சொல்லிக்கொடுக்கிறவர், சரியாகப் பத்தாவது சென்டிமீட்டரில் வெட்டி எடுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த டேப் சைபரிலிருந்து தொடங்காது; பத்திலிருந்துதான் தொடங்கும். எதை அளந்தாலும் பத்து கூடக் காட்டும். அதனால் டேப்பின் பெட்டி மேல் பெயிண்டில் எழுதி வைத்தார்கள்: பத்தைக் கழி.

ஏணி அதுவரை இருந்த குழுவில், படிக்கிறவர் உள்ளதை உள்ளபடி படிப்பார். எழுதுகிறவர் கழித்து எழுதுவார். ரேடியோ இருந்த குழுவில், படிக்கிறவரே மனசுக்குள் கழித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். இருவரும் முதல் தடவை ஜோடி சேர்ந்தது அந்தச் சுவரை அளக்கத்தான்.

டேப்பில் முந்நூற்று எழுபத்திரண்டு. ரேடியோ கழித்துவிட்டுச் சொன்னான்: "முந்நூத்தி அறுவத்திரண்டு!"

ஏணி கழித்துவிட்டு எழுதினாள்: 352.

ஊரெல்லாம் பேசுகிற ரேடியோ 'கழிச்சுட்டேன்' என்கிற அந்த ஒரு வார்த்தையை மட்டும் பேசவில்லை. கேள்விமேல் கேள்வி கேட்கிற ஏணி அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. மேடம் "மறுபடி அளந்தீங்களா?" என்று கேட்டபோது இருவரும் ஓடிப்போய் மறுபடி அளந்தார்கள். அவனே படித்தான், அவளே எழுதினாள். அதே 352 வந்தது. "பார்த்தீங்களா மேடம், அச்சுல வார்த்த மாதிரி!" என்று ரேடியோ மார்தட்டினான்.

ஆறு வாரம் மேலே பட்டறையில் மரத்தூளில் குளித்தார்கள். பகலில் ஓட்டுநர்கள் தூங்குகிற அறை என்பதால், முன்கூட்டியே இறக்கிப் பொருத்திப் பார்க்க அனுமதி இல்லை. ஜூரி வருகிற அன்று காலையில்தான் ஐந்து குழுவும் தங்கள் தங்கள் வேலையைக் கீழே இறக்கின. இருபத்தாறு படி, ஆறு பேர் சுமந்தார்கள். படுக்கை மூலையில் முதலில் பொருத்தினார்கள். கச்சிதம். அப்படியே சுவரோரமாக வந்து, வாசல் பக்கத்து மூலைக்கு வந்தபோது...

பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடைவெளி.

ரேடியோ அதில் கையை விட்டான். எடுத்தான். மறுபடி விட்டான். அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பேச்சு வரவில்லை.

"நீ... கழிச்சியா?" என்றாள் ஏணி.

"ஆமா. நீ?"

"நானும்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பட்டறைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப் பாவிகளா! யானைக்கும் அடி சறுக்கும், சரி. ரெண்டு யானைக்கும் ஒரே இடத்துலயா சறுக்கும்?"

அதற்குள் நடுவர்கள் வந்துவிட்டார்கள். மூன்று பேர். பெரியவர் வட்டக் கண்ணாடி போட்டவர். பெரிய வளாகத்தில் துறைத் தலைவர். இரண்டாம் வருஷத்தில் வேறு எதை மன்னித்தாலும் அளவுப் பிழையை மன்னிக்க மாட்டார் என்று பெயர் எடுத்தவர். அளவு தப்பினால் துல்லியத்துக்கு உள்ள மதிப்பெண் மொத்தமும் போய்விடும். அப்படித் தப்பிய வேலை எதுவும் இதுவரை தேர்வானதில்லை. இன்னொரு விதியும் உண்டு: நடுவர்கள் குறிப்பெழுதிவிட்டால் பிறகு ஒரு ஆணியைக்கூட மாற்றக் கூடாது. பார்த்தது எதுவோ அதுதான் நிற்கும்.

அறையில் எள் போட்டால் எள் விழாது. ஓட்டுநர்கள், கண்டக்டர்கள், மேலாளர், முப்பது பிள்ளைகள். வாசலுக்கு வெளியே, எப்போதும் போல உள்ளே காலெடுத்து வைக்காமல், அம்மா காக்கிச் சட்டையில் நின்றார். அடுத்த டிரிப்புக்கு ஏழு நிமிஷம் இருந்தது.

வட்டக் கண்ணாடி இருக்கையை இந்தக் கோடியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். சாய்வுப் பலகையை உள்ளங்கையால் தடவினார். உட்கார்ந்து பார்த்தார், எழுந்தார். வாசல் மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டார். குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தார்.

"அடடே," என்றார். "இறுக்கமா அடைச்சுடாம, இங்க ஒரு மூச்சு விட்டிருக்கீங்க. காத்துக்கா? குடை வைக்கவா? ரொம்ப அழகான யோசனை."

ரேடியோவுக்கு உயிர் வந்தது. "ஆமா சார்! குடைதான் சார்! மழை நாள்ல டிரைவருங்க ஈரக் குடையோட வருவாங்க, அதைச் சாய்ச்சு வைக்க ஒரு..." என்று ஒலிபரப்பத் தொடங்கிவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் சோறும் நிறைய இருந்தது, பூசணிக்காயும் மறைந்துகொண்டுதான் இருந்தது. மற்ற இரண்டு நடுவர்களும் தலையாட்டினார்கள். பெரியவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

ஏணி மேசைப் பக்கம் நின்றிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் அந்த இடைவெளி வழியாக மூலை இருக்கை முழுவதும் தெரிந்தது. கால் வைக்கிற கட்டையும் தெரிந்தது. அம்மா அங்கே வந்து உட்கார்ந்தால், மேசையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் அவருடைய வீங்கின கால் தெரியும். தெரிந்தால் அம்மா வர மாட்டார். அவளுக்கு அது உள்ளங்கை நெல்லிக்கனி. குடை வைக்கிற யோசனை ஜெயிக்கும்; இருக்கை நிலைக்கும்; அந்த இடைவெளியும் அதோடு சேர்ந்து நிலைக்கும். அம்மா இன்னும் பதினோரு வருஷம் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

சொன்னால்? சொன்னால் சாயங்காலம் இருக்கையே இருக்காது.

பேனா தாளைத் தொடப்போனது.

"சார், அது யோசனை இல்ல சார். தப்பு."

ரேடியோவின் ஒலிபரப்பு நடுவாக்கியத்தில் நின்றது. பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாங்க அளவைத் தப்பா எடுத்துட்டோம். பத்து சென்டிமீட்டர் குறைவு. இங்க இடைவெளி இருக்கவே கூடாது. இருந்தா இந்த மூலைக்கு அர்த்தமே இல்ல. நீங்களே இங்க வந்து நின்னு பாருங்க."

அவர் வந்து அவள் நின்ற இடத்தில் நின்றார். பார்த்தார்.

"அடிப்பாவி..." என்று முணுமுணுத்தான் ரேடியோ. ஆனாலும் நல்ல பிள்ளை. நகர்ந்து வந்து அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டான். "ரெண்டு பேரும் சேர்ந்துதான் சார் தப்பு பண்ணினோம். நான் பத்தைக் கழிச்சேன். அவளும் பத்தைக் கழிச்சா."

"எதுக்குப் பத்தைக் கழிக்கணும்?" என்றார் பெரியவர்.

டேப் வந்தது. அவர் பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்தார். நாடாவை இழுத்தார். வெட்டின நுனியைப் பார்த்தார். பத்தில் தொடங்குகிற டேப்பை அவர் ஆயுசில் பார்த்ததில்லை. "இதை வெச்சா இத்தனை நாளா அளக்குறீங்க? புதுசு ஒண்ணு கேக்குறதுதானே?"

மேடம் அதுவரை ஓரமாக நின்றிருந்தார். இப்போது தன் பையைத் திறந்து மூன்று கடிதங்களை எடுத்து நீட்டினார். மூன்றும் புது டேப் கேட்டு எழுதியது. மூன்றின் கீழும் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது. மூன்று பதிலின் கீழும் ஒரே கையெழுத்து.

வட்டக் கண்ணாடியின் கையெழுத்து.

அறையில் யாரோ ஒரு ஓட்டுநர் களுக்கென்று சிரித்துவிட்டு, உடனே இருமினார். பெரியவர் கடிதங்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முகம் சிவந்தாலும் மனுஷர் நியாயஸ்தர். "துல்லியத்துக்கு உங்க ரெண்டு பேருக்கும் சைபர். அதுல மாத்தமில்ல. எனக்கும் ஒரு சைபர் போட்டுக்கறேன்," என்றார். பிறகு பேனாவை மூடினார். "நான் இன்னும் எதுவும் எழுதல. நாலு மணிக்குத் திரும்ப வருவேன். அதுக்குள்ள என்ன செய்வீங்க?"

"பத்து சென்டிமீட்டர் சேர்ப்போம்."

ஏணி வாசலைப் பார்த்தாள். அம்மா இல்லை. நேரமாகிவிட்டது, பதினேழு புறப்பட்டுப் போய்விட்டது. அம்மா எதுவரை கேட்டார், எதைக் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஐந்து மணி நேரம்தான் கண்ணுகளா. ஆனால் அந்த அறை அப்படி ஒரு வேலையைக் கண்டதில்லை. இருக்கை செய்த மரம் வெளிர் நிறம். அது ஒரு துண்டுகூட மிச்சமில்லை. பட்டறைக்காரர் பழைய கதவுச் சட்டம் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். கறுத்த மரம், இரும்பு மாதிரி. "இதை அளவா அறுத்து, மேல வெளிர் வர்ணம் அடிச்சுட்டா ஒருத்தருக்கும் தெரியாது" என்றார்.

"வர்ணம் வேணாம்ண்ணே. எது எங்க சேர்ந்துச்சுன்னு தெரியட்டும். நாளைக்கு ஆடினா எதைப் பார்க்கணும்னு தெரியணும்ல."

அறுப்பதற்கு முன்னால் அந்த இடைவெளியை அளக்க வேண்டும். அதே டேப். ரேடியோ நுனியை வைத்தான்.

"டேப்புல இருக்கறது இருபது!" என்று கத்தினான். "கழிக்கல! நான் கழிக்கல! எல்லாரும் கேட்டுக்குங்க, நான் கழிக்கவே இல்ல!"

"நான் கழிக்கிறேன்! இப்ப, சத்தமா கழிக்கிறேன்! இருபதுல பத்து போனா..."

"பத்து!" என்று அங்கே நின்ற இருபது ஓட்டுநர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். மேலாளரும் சொன்னார் என்று பிறகு பேசிக்கொண்டார்கள், அவர் மறுத்துவிட்டார்.

பத்து சென்டிமீட்டர் கறுப்பு மரம், தலை உயரத்துக்கு ஒரு நீளக் கோடாக, வெளிர் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது. ஏணி தேய்ப்புக் காகிதத்தால் இரண்டு மரமும் சேருகிற விளிம்பைத் தேய்த்தாள். நகம் வைத்து இழுத்தாள். தட்டவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். தட்டவில்லை. மூன்றே முக்கால்.

நாலு மணிக்கு நடுவர்கள் இறங்கி வந்தார்கள். மற்ற நாலு குழுவின் வேலைகளும் நன்றாகவே இருந்தன. விளக்கு செய்த குழுவுக்குத்தான் அதிக மதிப்பெண். அது அவர்களுக்குத் தகும். பெரியவர் அதைச் சொல்லி முடித்துவிட்டு, "இனி, இந்த ரூம்ல எது நிக்கப்போகுதுன்னா..." என்று ஆரம்பித்தபோது பதினேழு உள்ளே வந்து நின்ற சத்தம் கேட்டது.

அம்மா வந்தார். வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்தார். எல்லாரும் எதிர்ப் பக்கம் விளக்கைச் சுற்றி நின்றிருந்தார்கள். அவர் மூலை இருக்கையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கீழே இருந்த கட்டையைப் பார்த்தார். அதைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். பிறகு, பதினோரு வருஷத்துக்குப் பிறகு, ஒரு காலை உள்ளே வைத்து, இன்னொரு காலையும் வைத்து, போய் அங்கே உட்கார்ந்தார்.

மேசைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பலகைதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு காலணி தரையில் விழுகிற சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு ஒரு "ஆ... அப்பாடா."

ஏணிக்குத் தெரிந்துவிட்டது. அது ஐந்தாவது புத்தகத்துச் சத்தம்.

பெரியவர் மெல்ல நடந்துபோய்ப் பலகையைத் தாண்டி எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது விரலை உதட்டில் வைத்திருந்தார்.

"தூங்கறாங்க," என்றார் தாழ்ந்த குரலில். "இதைக் கழட்டணும்னா அவங்களை எழுப்பணும். என்னால முடியாது. உங்கள்ல யாருக்காவது தைரியம் இருக்கா?"

மேலாளர் மட்டும் மெதுவாக, "இருக்கட்டும் சார்" என்றார்.

ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் குதித்தான். அவன் வாழ்நாளில் இரண்டாவது மௌனம் அது.

பன்னிரண்டு நிமிஷம் தூங்கினார் அம்மா. கண் விழித்தபோது மகள் எதிரே குந்தியிருந்தாள். அம்மா கையை நீட்டி அந்தக் கறுப்பு மரத்தை மேலிருந்து கீழே ஒரு விரலால் தடவினார்.

"இது என்னடி, வேற கலர்ல?"

"அது என் தப்பும்மா. பத்து சென்டிமீட்டர்."

"தெரியும். வாசல்ல நின்னு கேட்டேன். நீ சொல்ற வரைக்கும் கேட்டேன். அதுக்கு மேல பஸ்ஸு நிக்காது." மறுபடி தடவினார். இரண்டு மரமும் சேருகிற இடத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார், மகள் பார்த்த மாதிரியே. "நல்லாத்தான் சேத்திருக்கே." பிறகு காலுக்கடியில் இருந்த கட்டையைக் குதிகாலால் தட்டினார். "அன்னைக்குப் புத்தகம் அடுக்கினது இதுக்கா, கள்ளி?"

பதில் சொல்வதற்குள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, காலணியை மாட்டிக்கொண்டே எழுந்தார். வாசலில் நின்ற ஒரு கண்டக்டரிடம், எதற்கும் குரல் உயர்த்தாத அந்த அம்மா, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "எம் பொண்ணு செஞ்சது. பத்து சென்டிமீட்டர் தப்பு. அவளே சொல்லி, அவளே சரி பண்ணினா."

அந்த இருக்கை இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. ஓட்டுநர்கள் அந்த மூலையைப் 'பத்து' என்றுதான் சொல்கிறார்கள். இன்னொரு பெண் ஓட்டுநரும் இப்போது அங்கே உட்காருகிறார். அவருக்குப் பிறகு சேர்ந்த நாலு பேரும் உட்காருகிறார்கள். புது டேப் அடுத்த வாரமே வந்துவிட்டது, ஒன்றல்ல, ஆறு. பழையதைத் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சேருகிற பிள்ளைகளை மேடம் முதல் நாளே கீழே அழைத்துப்போய், அந்தக் கறுப்பு மரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் கையில் டேப்பைக் கொடுக்கிறார். பெரிய வளாகத்துப் பிள்ளைகளும் இப்போது ரயிலேறி வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். டிக்கெட் எடுத்துத்தான்.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஏணியும் ரேடியோவும் இருபத்தாறு படியையும் ஏறி மேலே வந்தார்கள். உடம்பெல்லாம் மரத்தூள். முதல் வருஷப் பிள்ளைகள் மேசையில் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே எஞ்சின் உறுமியது.

"பதினேழு!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். "பேனாவைத் தூக்கு!"

அத்தனை பேனாவும் மேலே போயின. கிளட்ச் மெதுவாக விடுபட்டது. அவ்வளவு மெதுவாக அது என்றைக்கும் விடுபட்டதில்லை; டம்ளரில் இருந்த தண்ணீர்கூட அசையவில்லை. டிப்போவுக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது என்பது விதி. பதினேழு வெளிவாசலைத் தாண்டும்போது இரண்டு தடவை அடித்துவிட்டுப் போனது.